புதுவயல் மொட்டைமாடி ராத்திரியும் கொதிப்பது ஏன்? உங்க வீட்டுக்கு எவ்வளவு வெப்பத் தடுப்பு போதும்?

போன சித்திரையில் புதுவயலில் உள்ள அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். மூணு செண்ட் இடம், ஒட்டு மாடி, கட்டி நாலு வருஷம்தான் ஆகுது. மேல் ரூமில் ஒரு டன் ஏசி. ராத்திரி பத்து மணிக்கு ரிமோட்டில் 20 காட்டுது, ரூமுக்குள் வேர்க்குது. "கேஸ் இறங்கிருச்சு போல"ன்னு அத்தை மெக்கானிக்கை வரச் சொன்னார். அவர் வந்து எல்லாம் செக் பண்ணிவிட்டு, "ஏசில ஒண்ணும் இல்லக்கா. சீலிங்ல கை வச்சுப் பாருங்க" என்றார். ஸ்டூல் போட்டு ஏறி கை வைத்தேன். அடுப்பை அணைத்து அஞ்சு நிமிஷம் ஆன தோசைக்கல் மாதிரி இருந்தது. வெயில் போய் நாலு மணி நேரம் ஆகியிருந்தது.

சென்னையில் ஐடி வேலை பார்க்கும் அத்தை மகன் உடனே ஒரு யூடியூப் லிங்க் அனுப்பினான். ஒரு அமெரிக்கர் வீட்டுப் பரண் முழுக்க பஞ்சை நிரப்பிக்கொண்டே, "உங்கள் ஊருக்கு ஆர்-30 வேண்டுமா, ஆர்-60 வேண்டுமா?" என்று விளக்குகிற வீடியோ. "நம்ம ஊருக்கு எத்தனை?" என்று கேட்டான். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில்தான்.

முதலில் 'ஆர்', 'யூ' என்றால் என்ன?

ஆர்-வேல்யூ என்பது ஒரு பொருள் வெப்பத்தை எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு. எண் கூடினால் நல்லது. இந்தியாவில் பெரும்பாலும் அதைத் தலைகீழாக, யூ-வேல்யூ என்று சொல்கிறார்கள். கூரைக்கு மேலும் கீழும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் வெப்பம் உள்ளே வரும் என்பதுதான் யூ. இங்கே எண் குறைந்தால் நல்லது.

நாம் போடுகிற ஆறு இஞ்ச் கான்கிரீட் தளத்துக்கு யூ கிட்டத்தட்ட 3.3. கான்கிரீட் என்றால் கனம், கனம் என்றால் தடுப்பு என்று நினைக்கிறோம். உண்மையில் கான்கிரீட் வெப்பத்தைத் தடுப்பதைவிடத் தேக்கி வைப்பதில்தான் கெட்டிக்காரன். மத்தியானம் வாங்கிய வெயிலை நாலைந்து மணி நேரம் கழித்து நிதானமாகக் கீழே இறக்கும். அதனால்தான் மதியம் இரண்டு மணிக்குச் சுமாராக இருந்த ரூம், ராத்திரி சாப்பிட்டுப் படுக்கப் போகும்போது அனலாக இருக்கிறது. மேலே ஃபேன் சுற்றினால் அந்த அனலைத்தான் கீழே தள்ளும்.

இன்னொரு விஷயம், நம்ம ஊர் இருக்கும் இடம். புதுவயல் சுமார் 10 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. அதனால் சித்திரை பிறந்த இரண்டு மூன்று நாளில் உச்சி வெயில் அப்படியே தலைக்கு நேர் மேலே வரும். சூரியன் வடக்கே போய்த் திரும்பி வரும்போது, ஆவணி பத்து வாக்கில் மறுபடி ஒருமுறை நேர் மேலே வரும். ஆக, கோடை முழுக்க வெயிலை அதிகம் வாங்குவது சுவர் இல்லை, மொட்டைமாடிதான். சுவர்களில் கிழக்கும் மேற்கும்தான் தொல்லை. தெற்குச் சுவருக்கு அந்த மாதங்களில் பெரிதாக வேலையே இல்லை. "தெற்குப் பார்த்த வீடு, அதான் சூடு" என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

அரசு விதி என்ன சொல்கிறது?

வீடுகளுக்கான ஆற்றல் சேமிப்பு விதித்தொகுப்பு ஒன்றை மத்திய அரசு 2018 டிசம்பரில் வெளியிட்டது. பெயர் 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா'. அதன்படி கூரையின் யூ-வேல்யூ 1.2-க்கு மேல் போகக் கூடாது. குளிர் மண்டலம், வெப்ப மண்டலம் என்ற வேறுபாடு இல்லாமல் நாடு முழுக்க இந்த ஒரே அளவுதான். நம்ம சாதா கான்கிரீட் தளம் அதைப்போல இரண்டே முக்கால் மடங்கு வெப்பத்தை உள்ளே விடுகிறது.

ஆனால் அந்தத் தொகுப்பு 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளுக்கு என்று எழுதப்பட்டது. அது 12 செண்டுக்கும் மேல். மூணு செண்டில் கட்டுகிற அத்தையை அது கண்டுகொள்ளவே இல்லை. அதனால் பிளான் அப்ரூவல் வாங்கும்போதோ, சென்ட்ரிங் அடிக்கும்போதோ யாரும் இந்த எண்ணைப் பற்றிப் பேசுவதில்லை. விதி கட்டாயப்படுத்தாவிட்டாலும், 1.2 நல்ல இலக்குதான்.

அந்த அமெரிக்க வீடியோ கணக்குக்கு மாற்றினால் 1.2 என்பது ஆர்-5-க்கும் கொஞ்சம் கீழே. அமெரிக்க மாதிரி விதியில் மிக வெப்பமான மண்டலமான ஃபுளோரிடாவின் தெற்கு முனைக்கே கூரைக்கு ஆர்-30 சொல்கிறார்கள். டொரண்டோவில் புது வீடு கட்டுகிற நம்மாட்களுக்கு பரணில் ஆர்-60 வரை போகிறது. அப்போ நம்ம விதி மட்டமா? அப்படிச் சொல்லிவிட முடியாது. அங்கே வீட்டை மூடி வைத்து, உள்ளே 24 மணி நேரமும் ஹீட்டரோ ஏசியோ ஓடுகிறது. டொரண்டோவில் வெளியே மைனஸ் 20, உள்ளே பிளஸ் 21 என்றால் வித்தியாசம் 41 டிகிரி, அதுவும் நாள் முழுக்க. நமக்கு நிழலில் 38, ரூமில் 26. ஜன்னல் திறந்திருக்கும், கதவு திறந்திருக்கும், ஏசி ஒரே ரூமில் ராத்திரி மட்டும். நம்ம பிரச்சினை காற்றின் சூடு இல்லை, தளத்தின் மேல் நேராக விழுகிற வெயில். அந்த ஊர் மருந்தை அப்படியே நம்ம ஊருக்கு வாங்கினால் காசுதான் வேஸ்ட்.

எத்தனை சென்டிமீட்டர்?

அத்தை வீட்டு ரூமையே எடுத்துக்கொள்வோம். பத்துக்குப் பன்னிரண்டு, அதாவது 11 சதுர மீட்டர். வெயிலையும் காற்றின் சூட்டையும் சேர்த்துப் பார்த்தால், பழுப்பேறிய தளத்தின் மேல்பக்கம் உச்சி நேரத்தில் 60 டிகிரிக்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். ரூம் 26-ல் இருக்க வேண்டும். வித்தியாசம் 34 டிகிரி.

வெறும் கான்கிரீட் என்றால் 3.3 × 11 × 34, அதாவது சுமார் 1,230 வாட் வெப்பம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் சுமார் 100 வாட் வெப்பம் விடுவார். அப்படிப் பார்த்தால் கூரை வழியாக 12 பேர் இறங்கி வந்து ரூமில் உட்கார்ந்த மாதிரி. ஒரு டன் ஏசியின் மொத்தத் திறனே சுமார் 3,500 வாட்தான். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூரைக்கே போயிடும்.

தளத்துக்கு மேல் 2 செ.மீ. கனத்துக்கு நல்ல வெப்பத் தடுப்பு ஷீட் (கடையில் எக்ஸ்பிஎஸ் என்று கேட்டால் தருவார்கள்) போட்டால் யூ 1.2-க்குள் வந்துவிடும். 1,230 வாட், 450-க்கு இறங்கும். அதாவது முதல் 2 செ.மீ. மட்டுமே 780 வாட்டை வெட்டுகிறது. சரி, இன்னும் போடலாமே என்று 5 செ.மீ. பஃப் போட்டால்? 160 வாட். கூடுதல் கனத்துக்குக் கிடைத்த லாபம் 290-தான்.

இப்போ வேறு வழி. ஷீட் எதுவும் இல்லாமல், தளத்தை வெள்ளையாக மட்டும் மாற்றுகிறோம். வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். மேல்பக்கம் 60-க்குப் பதில் 44 டிகிரிக்குச் சமம் என்று எடுத்தால், உள்ளே வருவது 650 வாட். ஒரு பெயிண்ட் டப்பா பாதி வேலையை முடித்துவிட்டது. வெள்ளையும் 2 செ.மீ. ஷீட்டும் சேர்ந்தால் 240 வாட். அதற்கு மேல் 5 செ.மீ. வரை போனால் மிச்சம் 155 வாட்தான்.

இது உச்சி நேரத்தை நிறுத்திவைத்துப் போட்ட தோராயக் கணக்கு. நிஜத்தில் கான்கிரீட் வெப்பத்தைத் தாமதமாக்கும், எண்கள் கொஞ்சம் மாறும். ஆனால் எது முதலில், எது அடுத்து என்ற வரிசை மாறாது: முதலில் வெள்ளை, அடுத்து 2 செ.மீ. ஷீட். அதற்கு மேல் வேண்டுமா என்பது, பகலிலும் ஏசி போடுகிற வீடா என்பதைப் பொறுத்தது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர் என்றால் 4, 5 செ.மீ. போடுவதில் அர்த்தம் இருக்கிறது.

"தட்டோடு பதிச்சாச்சே, அது போதாதா?" என்று கேட்கலாம். செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு போட்டு மேலே தட்டோடு பதிப்பது நல்ல பழக்கம்தான். மழைத் தண்ணீருக்கு வாட்டம் கொடுக்கும். வெப்பத்தைப் பொறுத்தவரை, நாலு இஞ்ச் போட்டாலும் யூ 3.3-லிருந்து 2.3 பக்கம்தான் வரும். அதுவும் சிவப்பு ஓடு என்றால் வெயிலை நன்றாக உறிஞ்சும்.

அப்போ செட்டிநாட்டு வீடு மட்டும் எப்படி சில்லுனு இருக்கு?

இன்ஸ்டாவில் செட்டிநாட்டு வீடு ரீல்ஸ் போடுகிற எல்லாரும் 'இயற்கை ஏசி' என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறார்கள். யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் 2014-லேயே செட்டிநாட்டு ஊர்கள் இடம்பிடித்திருக்கின்றன. அந்த வீடுகளின் பெருமையில் சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே குளிர்ச்சி வருவது ஒரே ஒரு பொருளால் இல்லை. செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த கனமான சுவர், ஆள் உயரத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் எழும்புகிற கூரை, அடுக்கடுக்காக வேய்ந்த நாட்டு ஓடு, அந்த ஓட்டு இடுக்குகளில் மாட்டிக்கொண்ட காற்று, நடுவில் வளவு, நேர்க்கோட்டில் திறக்கிற வாசல்கள். வளவின் சூடான காற்று மேலே போக, பக்கத்துத் தாழ்வாரத்திலிருந்து காற்று உள்ளே வரும். வெயில் நேராகப் படாத நிழல் அறைகளில்தான் ஆட்கள் இருப்பார்கள்.

ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீள்கிற மனையில் செய்த வேலை அது. அதை மூணு செண்டில் செய்ய முடியாது. ஆத்தங்குடி கல்லைத் தரையில் பதித்துவிட்டு, மேலே வெறும் கான்கிரீட் போட்டால் கால் சில்லென்று இருக்கும், தலை கொதிக்கும். அந்த வீடுகளிலிருந்து எடுத்துக்கொள்ள முடிந்தவை இரண்டு: கூரைக்கு மேல் ஒரு காற்று அடுக்கு, ரூமுக்குக் குறுக்காகக் காற்றோட்டம்.

காற்றோட்டத்துக்கும் அந்த 2018 தொகுப்பில் ஒரு எண் உண்டு. தமிழ்நாட்டின் பெரும்பகுதி சேர்கிற வெப்ப-ஈரப்பத மண்டலத்தில், தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறக்கக்கூடிய ஜன்னல், கதவாக இருக்க வேண்டும். 120 சதுர அடி ரூமுக்கு 20 சதுர அடி. இப்போது எல்லாரும் போடுகிற ஸ்லைடிங் ஜன்னலில் நாலுக்கு நாலு வைத்தாலும் திறப்பது பாதிதான், 8 சதுர அடி. கூரைக்கு ஆயிரம் செலவழித்துவிட்டு இதில் கோட்டை விடுகிறவர்கள் நிறைய.

ஷீட் மேலேயா, கீழேயா?

ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர்கள் "மேல தெர்மோகோல் வெச்சு அடிச்சிடலாம் சார்" என்பார்கள். இதில் கொஞ்சம் கவனம் வேண்டும். தடுப்பை உள்ளே வைத்தால் ரூம் சீக்கிரம் குளிரும், உண்மை. ஆனால் தளம் மட்டும் தினமும் வெயிலில் காய்ந்து, ராத்திரி சுருங்கி, விரிசல் விட்டுக்கொண்டே இருக்கும். தடுப்பைத் தளத்துக்கு மேல் போட்டால் கான்கிரீட்டே சூடாகாது, வாட்டர்புரூஃபிங்கும் நீடிக்கும். முக்கியமாக, தெர்மோகோல் தீப்பிடிக்கும், புகை கடுமையாக இருக்கும். தூங்குகிற ரூமில் தலைக்கு மேல், ஒயர் ஓடுகிற இடத்தில் அதை வைப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே ஃபால்ஸ் சீலிங் இருந்தால் பிரிக்க வேண்டாம். ஜிப்சம் போர்டுக்கு மேல் இருக்கிற காற்று இடைவெளியே கொஞ்சம் உதவும்.

மேலே போடும்போது நடமாட்டத்தைத் தாங்குகிற எக்ஸ்பிஎஸ் வேண்டும், சாதா தெர்மோகோல் அமுங்கிவிடும். அதற்கு மேல் காரை போட்டு, வெளிர் நிற ஓடு பதிக்க வேண்டும். வேலையை ஐப்பசி மழைக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. மாசி, பங்குனியில் செய்தால் இன்னும் நிம்மதி.

புதுசாகக் கட்டுகிறவர்களுக்கு மட்டும் சுவர் பற்றி ஒரு வார்த்தை: 9 இஞ்ச் செங்கல் சுவருக்கு யூ சுமார் 2, 8 இஞ்ச் ஏஏசி பிளாக் சுவருக்கு 0.8 பக்கம். மேற்குச் சுவருக்கு அது லாபம். கட்டி முடித்த வீட்டில் சுவருக்கு உள்ளே எதையும் ஒட்ட வேண்டாம், மேற்கில் ஒரு ஷேடோ மரமோ போதும்.

ஊருக்கு ஊர் மாறுமா?

மாறும், ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. சென்னை, நாகப்பட்டினம் மாதிரி கடலோரத்தில் ஈரப்பதம்தான் வில்லன். காற்றோட்டமும் வெள்ளைத் தளமும் முதலில், ஷீட் அதற்கப்புறம். காரைக்குடி, புதுவயல், மதுரை, திருச்சி, வேலூர் பக்கம் வெயில் காய்கிற காய்ச்சலுக்கு, மாடி ரூமுக்கு மேல் 2 செ.மீ. கட்டாயம் என்றே சொல்வேன். ஊட்டியில் கதை தலைகீழ். அங்கே உள்ளே இருக்கிற சூடு வெளியே போகாமல் பார்க்க வேண்டும், வெள்ளை அடித்தால் நஷ்டம்தான்.

புதுவயலுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. அரிசி ஆலைகள் நிறைந்த ஊர். ஆலைக்குப் பக்கத்து வீட்டில் கொடியில் வெள்ளை வேட்டி காயப்போட்டவர்களுக்குத் தெரியும், தூசியும் சாம்பலும் எப்படிப் படியும் என்று. வெள்ளைத் தளத்துக்கும் அதே கதிதான். அழுக்குப் படிந்தால் வெயிலைத் திருப்பி அனுப்பும் சக்தி போய்விடும். வருஷத்துக்கு ஒருமுறை, பங்குனியில் தேய்த்துக் கழுவ வேண்டும். கழுவ முடியாது என்றால் வழவழப்பான வெள்ளை ஓடு, பெயிண்டைவிட நல்லது. வேடிக்கை என்னவென்றால், அதே உமிச் சாம்பலை உருக்காலைகளில் கொதிக்கிற எஃகுக் குழம்பு ஆறாமல் இருக்க மேலே மூடியாகப் போடுகிறார்கள். அந்த அளவுக்கு வெப்பத்தைத் தடுக்கும் பொருள். அதற்காக அள்ளி மொட்டைமாடியில் கொட்டிவிடாதீர்கள், முதல் மழையிலேயே சாக்கடை அடைத்துக்கொள்ளும்.

கரண்ட் பில் குறையுமா?

குறையும், ஆனால் விளம்பரத்தில் சொல்கிற மாதிரி பாதியாகாது. அத்தை வீட்டு ரூமில் ராத்திரி எட்டு மணி நேரம் ஏசி என்றால், 2 செ.மீ. ஷீட்டால் இரண்டு மாதத்துக்கு 50 யூனிட் பக்கம் மிச்சமாகலாம் என்பது என் தோராயம். சிறிய எண்தான். ஆனால் நம்ம மின் கட்டணத்தில் 500 யூனிட் என்ற கோட்டைத் தாண்டினால் ஸ்லாப் மாறி, கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் கூடுதல் விலை விழும். 530-ல் இருக்கிற வீட்டுக்கு அந்த 50 யூனிட் பெரிய விஷயம். சோலார் போடுகிற எண்ணம் இருந்தால், பேனலின் நிழலே தளத்தைக் காப்பாற்றும். மத்திய அரசின் பிஎம் சூர்யா கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000 வரை மானியம் உண்டு. படுக்கை ரூமுக்கு நேர் மேலே பேனல் வருகிற மாதிரி வைக்கச் சொல்லுங்கள்.

ஏசியே இல்லாத வீடு?

இதுதான் உண்மையில் பெரிய கேள்வி. வெப்ப அலையை மாநிலப் பேரிடராக தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. இறந்தால் குடும்பத்துக்கு ரூ.4 லட்சம் நிவாரணம். அதே ஆண்டில் தொடங்கிய கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில், 2030-க்குள் 8 லட்சம் குடிசைகளுக்குப் பதில் கான்கிரீட் வீடு, ஒரு வீட்டுக்கு ரூ.3.5 லட்சம். மழைக்கு ஒழுகாத, தீப்பிடிக்காத வீடு கிடைப்பது பெரிய நிம்மதி. ஆனால் வெப்பத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், கீற்றுக் கூரை வெறும் கான்கிரீட்டைவிட நல்ல தடுப்பு. ஏசி இல்லாத 360 சதுர அடி வீட்டில், ராத்திரி சூடு இறங்குகிற தளத்துக்குக் கீழே கைக்குழந்தையும் வயசானவர்களும் படுக்கிறார்கள். அந்த வீட்டுக்குத் தளம் போடும்போதே ஒரு வெள்ளைப் பூச்சும் கணக்கில் சேர்ந்தால், மொத்தச் செலவில் அது சின்னத் துண்டுதான்.

தகர ஷீட், ஆஸ்பெஸ்டாஸ் வீடுகளுக்கு இது இன்னும் அவசரம். அங்கே தாமதமே கிடையாது, வெயில் ஏறினதும் உள்ளே கொதிக்கும். செலவு குறைவாகச் செய்து, பலன் உடனே தெரிகிற இடமும் அதுதான். தெலங்கானா 2023-லேயே தனியாகக் குளிர்க் கூரைக் கொள்கை ஒன்றை அறிவித்து, அரசு, வணிகக் கட்டடங்களுக்குக் கட்டாயம் என்றது. தமிழ்நாட்டிலும் பசுமைப் பள்ளித் திட்டத்தில் அரசுப் பள்ளிக் கூரைகளுக்கு வெப்பத்தைத் திருப்பும் பூச்சு அடிக்கிறார்கள். பள்ளியில் பகல் நேரத்துக்கு அது உதவும். பிள்ளைகள் தூங்குகிற வீட்டுக் கூரைக்கு எப்போது வரும் என்பதற்குப் பதில் இன்னும் இல்லை.

அத்தைக்கு எல்லாக் கணக்கையும் சொன்னேன். மேஸ்திரியையும் கூப்பிட்டுப் பேசியாச்சு. இப்போதைக்குத் தளம் முழுக்க வெள்ளை, அடுத்த பங்குனியில் படுக்கை ரூமுக்கு மேல் மட்டும் ஷீட் போட்டு ஓடு பதிப்பது என்று முடிவு. எல்லாம் கேட்டுவிட்டு அத்தை ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஏப்பா, தரை சூடாகலேன்னா என் வத்தலும் வடகமும் எப்படிக் காயும்?"

காயும் அத்தை, ஒரு நாள் கூட ஆகும். வெள்ளைத் தரையில் கண்ணும் கூசும். கிழக்கு ஓரமாக நாலடிக்கு மட்டும் பழைய ஓட்டை அப்படியே விடச் சொல்லியிருக்கோம்.